முகவரி இல்லாத முடங்கல்

2022 சூன் மாத இறுதியில், தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் மென்பொருளின் 102-ஆம் பதிப்பு வெளியாயிற்று. அதனோடு பாதுகாப்புத் திருத்தங்களின் பட்டியல் ஒன்றும் வந்தது. இத்தகைய பட்டியல்களைப் பொதுவாக எவரும் படிப்பதில்லை. இலக்கிய வாசகர்கள் படித்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாங்கள் மூவரும் அதை நாமக்கல் கமலாலயக் குளத்தருகே ஒரு தேநீர்க் கடையில், ஒரே கைப்பேசியில், புதிதாய்க் கிடைத்த ஏட்டுச் சுவடியைப் படிப்பதுபோல இருமுறை படித்தோம். பிறகு வெகுநேரம் எவரும் பேசவில்லை. தேநீர் ஆடை படிந்து கிடந்தது. அந்தப் பட்டியலில் ஒரு பத்தி எங்களைப் பற்றியதாக இருந்ததே காரணம்.

முதலில், தமிழாசிரியர்களுக்கும் மறையாக்க மென்பொருளுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்பது நியாயம். நாங்கள் மூவரும் முதுகலைத் தமிழை ஒரே வகுப்பில் படித்தவர்கள். இப்போது வெவ்வேறு கல்லூரிகளில் விரிவுரையாளர்கள். நாற்பதைக் கடந்தாயிற்று, மூவருக்கும் தலையில் முடி குறைவு (இந்தச் செய்தி பின்னால் பயன்படும்). எங்கள் தொழிலில் ஒரே ஒரு இரகசியம் உண்டு. அது வினாத்தாள். நாங்கள் பணியில் சேர்ந்த காலத்தில் வினாத்தாளைக் கையால் எழுதி, உறைக்குள் உறையிட்டு, மெழுகுவத்தியில் அரக்கைக் காட்டி உருக்கி, ஒட்டிய ஓரங்களில் ஊற்றி, முத்திரை பதித்துப் பதிவுத் தபாலில் அனுப்புவோம். விரலில் சூடுபட்ட தழும்பு எங்களுள் ஒருவருக்கு இன்றும் இருக்கிறது. பின்னர் மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றாயிற்று. அரக்கு போயிற்று, அதற்கு ஈடாக எதுவும் வரவில்லை. திறந்த அஞ்சலட்டையில் வினாத்தாள் எழுதி அனுப்புவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை என்பது 2013-இல் எட்வர்ட் ஸ்னோடென் வெளியிட்ட செய்திகளைப் படித்த பிறகே எங்களுக்கு உறைத்தது. அமெரிக்க உளவுத்துறை எங்கள் இளங்கலை இரண்டாமாண்டு நன்னூல் வினாத்தாளைத் தேடி அலையும் என்று நாங்கள் அஞ்சவில்லை. ஆனால் அரக்கு வைத்துப் பழகிய கைக்கு ஒன்று குறைந்தது.

அவ்வாறுதான் எனிக்மெயில் எங்களிடம் வந்து சேர்ந்தது. தண்டர்பேர்டோடு பொருத்திக்கொள்ளும் சிறு துணைநிரல் அது. உள்ளே பூட்டும் வேலையைச் செய்தது, ஜெர்மானியரான வெர்னர் கோக் எழுதிய குனு பிஜி. அதற்கு மூலம் 1991-இல் ஃபில் சிம்மர்மன் வெளியிட்ட பிஜிபி. அந்நிரலை நாடு கடக்கவிட்டதற்காக அமெரிக்க அரசு அவர்மீது விசாரணை நடத்தி 1996 சனவரியில் கைவிட்டது. எனிக்மெயிலின் வரலாற்றைப் புரட்டியபோது, 2001-இல் அதை முதலில் எழுதி வெளியிட்டவர் பெயர் இராமலிங்கம் சரவணன் என்று கண்டிருந்தது. 2003 முதல் அதைப் பேணி வந்தவர் பாட்ரிக் புருன்ஷ்விக். இராமலிங்கம் என்ற பெயர் கொண்ட கவிஞரின் நினைவில்லத்தில் நூலகம் நடக்கும் ஊர்க்காரர்களாகிய நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இதற்கெல்லாம் மகிழ்வதா என்று கேட்கலாம். மகிழ்ந்தோம்.

அதன் வேலைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள். ஒன்றை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். மற்றொன்றைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். ஊரறிந்த சாவியால் பூட்டியதை அவரவர் சாவியால் மட்டுமே திறக்க முடியும். இது பூட்டு. இதையே திருப்பிப் போட்டால் கையொப்பம்: ஒருவர் தம் இரகசியச் சாவியால் மடலின் அடியில் ஒரு முத்திரை பதிக்கிறார், அவருடைய ஊரறிந்த சாவியை வைத்திருக்கும் எவரும் அது அவர் இட்டதுதானா, இட்டபின் ஓர் எழுத்தேனும் மாறியதா என்று சரிபார்க்கலாம். பூட்டு என்பது யார் படிக்கலாம் என்பதைப் பற்றியது. கையொப்பம் என்பது யார் எழுதினார் என்பதைப் பற்றியது. யாருக்கு எழுதினார், எந்தச் சந்தர்ப்பத்தில் எழுதினார் என்பதைப் பற்றிக் கையொப்பம் ஒன்றுமே சொல்வதில்லை. இதை நாங்கள் அன்று கவனிக்கவில்லை.

வினாத்தாளுக்காகத் தொடங்கியது விரைவில் எங்கள் சொந்தக் கடிதங்களுக்குப் பரவியது. பூட்டுவதைவிடக் கையொப்பமிடுவது எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. சுற்றுமடல் ஒன்று தொடங்கினோம். ஒருவர் ஏதேனும் ஒரு செய்யுளைப் பற்றியோ பாடபேதத்தைப் பற்றியோ எழுதி, அடியில் கையொப்பமிட்டு அடுத்தவருக்கு அனுப்புவார். அவர் அந்தத் தொகுதியை அப்படியே வெட்டித் தம் மடலில் ஒட்டி, கீழே தம் கருத்தை எழுதித் தாமும் கையொப்பமிட்டு மூன்றாமவருக்கு அனுப்புவார். வெறுமனே முன்னனுப்பினால் ஒவ்வொரு வரிக்கும் மேற்கோள் குறி சேர்ந்து கையொப்பம் முறிந்துவிடும். ஆகவே வெட்டி ஒட்டுவதில் மூவரும் தேர்ந்திருந்தோம். பெறுபவர் திரையில், முதலாமவர் எழுதிய பகுதிக்கு நல்ல கையொப்பம் என்று பச்சை நிறத்தில் எழுத்து வரும்.

சில வேளைகளில் வராது. தமிழ் எழுத்துகளின் குறியேற்றம் வழியில் எங்கோ மாறியிருக்கும். அல்லது நீண்ட வரியை ஏதோ ஒரு வழங்கி இரண்டாக மடித்திருக்கும். உடனே சிவப்பு நிறத்தில் கெட்ட கையொப்பம். (திஸ்கி எழுத்துருக் காலத்தில் தட்டச்சு செய்யப் பழகியவர்கள் இதற்கெல்லாம் அசைவதில்லை.) நாளடைவில் எங்களுக்கு ஒரு விநோதமான பழக்கம் படிந்தது. சிவப்பு வந்தால் யூனிகோடு கோளாறு என்று தள்ளிவிடுவோம். பச்சை வந்தால் வேதவாக்கு.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்கள் மடல்களில் விளி கிடையாது. அன்புள்ள இன்னாருக்கு என்று தொடங்குவதை 2015 சனவரியில் விட்டோம். திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்டு 2010-இல் வந்த 'மாதொருபாகன்' நாவலின் சில பக்கங்கள் படியெடுக்கப்பட்டு ஊரில் கைமாறிய நாட்கள் அவை. நாமக்கல்லில் சனவரி 12-ஆம் நாள் நடந்த பேச்சுவார்த்தையும், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அதன்பின் அவர் வெளியிட்ட அறிவிப்பும், 2016 சூலை 5-இல் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் வாசகர் அறிந்தவை. முன்னும் பின்னும் இல்லாமல் வெட்டி எடுக்கப்பட்ட நாலு பக்கம், யாரை எண்ணி எழுதப்பட்டதோ அவரல்லாத கைகளில் என்னவாகும் என்பதை எங்கள் தெருவிலேயே பார்த்தோம். அந்த அச்சத்தில், கடிதம் தவறி எங்கேனும் போனால் நண்பர் பெயர் அதில் இருக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். நல்லெண்ணம்தான். அதுவே எங்களுக்கு வினையாயிற்று.

மூவரும் சேர்ந்து ஒரு நூல் தயாரித்துக்கொண்டிருந்தோம். பரமத்தி வேலூரிலிருந்து மோகனூர் வரை காவிரிக் கரையோரச் சிற்றூர்களில் வயதான பெண்கள் பாடும் ஒப்பாரிப் பாடல்களின் தொகுப்பு. ஒருவர் ஊர் ஊராக அலைந்து ஒலிப்பதிவு செய்தார். ஒருவர் முன்னுரையும் குறிப்புகளும் எழுதினார். ஒருவர் ஒலியைக் கேட்டுக் கேட்டு எழுத்தில் வடித்தார். யார் எந்த வேலையைச் செய்தவர், அவர்களுள் இதை எழுதுபவர் யார் என்பதைச் சொல்லப்போவதில்லை என்று உடன்பாடு. ஆனால் கதை நகரப் பெயர் வேண்டும். அலைந்து பதிவு செய்தவரை மாதவி என்றும், முன்னுரை எழுதியவரைக் கோவலன் என்றும், எழுத்தில் வடித்தவரை மாசாத்துவான் என்றும் அழைத்துக்கொள்கிறோம். இப்பெயர்கள் வந்த காரணம் சற்றுப் பொறுத்தால் விளங்கும்.

2018 நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. முன்னுரையின் படியைப் படித்த மாதவி, அதில் தம் நான்காண்டு அலைச்சல் அரை வாக்கியமாகச் சுருங்கியிருப்பதைக் கண்டார். உடனே கோவலனுக்கு எழுதினார். வெயிலில் அலைந்தவர் ஒருவர், பெயர் கொண்டுபோகிறவர் வேறொருவரா என்று கேட்டார். அந்தக் கிழவிகளின் கண்ணீரை எடுத்து உங்கள் உடைமையாக்கிக்கொண்டீர்கள், இனி எனக்கும் உங்களுக்கும் பேச்சில்லை, என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று முடித்தார். விளி இல்லை, நீங்கள் என்ற சொல் மட்டும் பதினோரு முறை வந்தது. எழுதி முடித்துக் கையொப்பமிட்டார். கையொப்பம் இட்டபின், கையொப்பத் தொகுதிக்கு மேலே, வெளியே, ஒரு வரியைத் தட்டினார்: இது உங்களுக்கு மட்டும், சுற்றில் விட வேண்டாம்.

கோவலன் மூன்று வாரம் அதை வைத்துக்கொண்டு குமைந்தார். மாசாத்துவான் நிதானக்காரர், அவர் ஒரு வார்த்தை சொன்னால் மாதவி கேட்பார் என்று தோன்றிற்று. நவம்பர் 25 அன்று, பழக்கப்பட்ட கையால் கையொப்பத் தொகுதியை மட்டும் வெட்டி எடுத்து, புதிய மடலில் ஒட்டி, மேலே 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரே சொல் எழுதி மாசாத்துவானுக்கு அனுப்பினார். மத்தியஸ்தம் செய்யுங்கள் என்று வாய்விட்டுக் கேட்கத் தன்மானம் இடம் தரவில்லை.

மாசாத்துவான் திறந்தார். மாதவியின் நல்ல கையொப்பம், பச்சையில்.

இங்கே சிலப்பதிகாரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. புறஞ்சேரியிறுத்த காதையை நாங்கள் மூவருமே பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். இரவோடிரவாகப் புகாரை நீங்கிக் கண்ணகியோடு மதுரை நோக்கிச் செல்லும் கோவலனை, மாதவியின் முடங்கலோடு தேடி அலையும் கோசிகன் வழியில் காண்கிறான். உறுதி செய்துகொள்ள அவன் ஒரு தந்திரம் செய்கிறான். வாடி நிற்கும் மாதவிக் கொடியைப் பார்த்து, கோவலனைப் பிரிந்த மாதவியைப்போல நீயும் வாடினாயோ என்று கேட்கிறான். அருகில் நின்றவன் திரும்பிப் பார்க்கிறான். ஆளை அடையாளம் காண்பது இப்படி. அடுத்தது மடலை அடையாளம் காண்பது. அந்த முடங்கலின் மேல் மண் இலச்சினை இருக்கிறது. அதைப் பதித்தது மோதிரமன்று, மாதவியின் கூந்தல். கூந்தலில் பூசிய நெய்யின் மணம் மண்ணில் ஏறியிருக்கிறது. கூடி வாழ்ந்த காலத்தில் அறிந்த மணம் ஆதலால், பிரித்துப் படிப்பதற்கு முன்பே, எழுதியவர் இன்னார் என்று கோவலன் அறிந்துகொள்கிறான். கையிலிருந்து விடவும் மனமில்லாமல் நிற்கிறான். இரகசியச் சாவி என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உவமை எங்களுக்குக் கிடைக்கவில்லை. மோதிரத்தைத் திருடலாம். அந்தக் கூந்தலையும் அந்த நெய்யையும் அந்த நினைவையும் சேர்த்து யார் திருடுவது?

ஆனால் அதற்குப்பின் நடப்பதுதான் வியப்பு. படித்து முடித்த கோவலன், தவறு மாதவியுடையதன்று, தன்னுடையது என்று தெளிகிறான். தெளிந்தவன் அவளுக்கு மறுமொழி எழுதவில்லை. அந்த மடலையே, நான் என் பெற்றோருக்கு எழுத வேண்டியதும் இதுவே என்று சொல்லி, அவர்களிடம் சேர்க்கும்படி கோசிகனிடம் திருப்பிக் கொடுக்கிறான். சொற்கள் அப்படிப் பொருந்துகின்றன. அடிகள் என்ற மரியாதை விளி கணவனுக்கும் ஆகும், தந்தைக்கும் ஆகும். காலில் விழுவதும் பிழை பொறுக்க வேண்டுவதும் எவருக்கும் ஆகும். பெரியோர் பணியை விட்டதும், மனைவியோடு இரவில் வெளியேறியதும் கோவலன் செயல்கள். அவற்றை அவனே தன் பெற்றோர்முன் ஒப்புக்கொள்வதாகவும் படிக்க முடிகிறது. பெயர் இல்லாததால் மடல் ஆளை மாற்றிக்கொண்டது.

இளங்கோவடிகளின் கைவண்ணம் என்றும், மாதவியைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் உத்தி என்றும் நாங்கள் ஆண்டுதோறும் சொல்லி வந்திருக்கிறோம். தேர்வில் பத்து மதிப்பெண் வினாவாகவும் கேட்டிருக்கிறோம். மாசாத்துவான் வீட்டில் அந்த இலச்சினை யாருடைய வாக்குக்குச் சான்றாகும் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. நல்லவேளையாகக் கொண்டுபோனவன் கோசிகன். அவன் எல்லாம் அறிந்தவன். வாய் திறந்து சொல்லியிருப்பான். எங்கள் கதையில் கோசிகன் இல்லை. 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது.

எங்கள் மாசாத்துவானுக்கு அந்த மடல் கச்சிதமாகப் பொருந்தியது. எப்படியெனில், 2017-இல் ஒரு கருத்தரங்கில், மாதவி பதிவு செய்த பாடல்களில் இரண்டைப் பற்றி அவர் கட்டுரை வாசித்திருந்தார். பதிவு செய்தவர் பெயரைக் குறிப்பிடவில்லை. மற்ற இருவரிடமும் சொல்லவும் இல்லை. சின்ன விஷயம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பழமொழி. கிழவிகளின் கண்ணீரை உடைமையாக்கிக்கொண்டீர்கள் என்ற வரியைப் படித்ததும், மாதவிக்குத் தெரிந்துவிட்டது, கோவலனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று நம்பினார். சுற்றுமடலில் ஒருவர் எழுதியது மற்றவர் வழியாக வருவது வழக்கம்தானே. சந்தேகப்பட எதுவும் இல்லை, கையொப்பமோ அப்பழுக்கற்றது. ஒலிப்பதிவுகள் அடங்கிய வன்தட்டையும் எழுதி முடித்த தாள்களையும் கூரியரில் மாதவிக்கு அனுப்பிவிட்டு மௌனமானார். தம் மடலுக்குக் கோவலன் பதில் எழுதாமல், மாசாத்துவான் காரணமின்றி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பவே, இருவரும் சேர்ந்து தம்மை விலக்குகிறார்கள் என்று மாதவி எண்ணினார். கோவலனுக்கோ இருவருமே பேசவில்லை.

இப்படி இருபத்து மூன்று மாதங்கள். நூல் நின்றது. வேலூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவர், தொகுப்பில் பதினேழு பாடல்கள் அவருடையவை, மாதவிக்கு மாதம் ஒருமுறையேனும் பேத்தியின் கைப்பேசியிலிருந்து அழைப்பார். "ஏனுங் வாத்தியாரே, எம்பட பாட்டு பொஸ்தகத்துல வந்துருச்சுங்களா?" என்பார். வரும் பாட்டி, வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2019-ஆம் ஆண்டு மாசியில் அழைப்பு நின்றது. பேத்தி சொல்லித்தான் தெரிந்தது. எழவுக்கு மாதவி மட்டும் போனார். ஊரெல்லாம் ஒப்பாரி பாடியவருக்குப் பாட அன்று இருவர்தான் இருந்தார்களாம். மற்ற எங்கள் இருவருக்கும் அந்தச் சாவு செய்தியாகக்கூட எட்டவில்லை. இதை எழுதும்போதும் இந்த இடத்தை விரைவாகக் கடக்கவே விரும்புகிறோம்.

மென்பொருளுக்கு வருவோம். 2020 சூலையில் தண்டர்பேர்ட் 78 வந்தது. எனிக்மெயில் அதில் இயங்காது. பூட்டும் கையொப்பமும் இனி தண்டர்பேர்டுக்குள்ளேயே அமைந்துவிடும், குனு பிஜிக்குப் பதில் வேறொரு நிரலகம் வேலை செய்யும் என்று அறிவித்திருந்தார்கள். பழைய சாவிகளைப் புதிய இடத்துக்குக் குடிபெயர்க்க மட்டும் எனிக்மெயிலின் கடைசி அவதாரம் ஒன்று, 2.2 என்ற எண்ணோடு வந்தது. கோவலனின் கணினி தானாகவே மேம்படுத்திக்கொள்ள, ஏழாண்டு வினாத்தாள்களும் கடிதங்களும் பூட்டிய பெட்டியாயின. அவருக்கு இந்த வித்தை வராது. வருபவர் மாசாத்துவான் ஒருவரே. அக்டோபரில் ஒருநாள், கொரோனா முகக்கவசத்தோடு, ஆறடி தள்ளி உட்கார்ந்துகொள்வதற்கு வசதியான காரணமும் இருந்ததால், மாசாத்துவான் வந்தார். சாவிகளைக் குடிபெயர்த்தார். சரிபார்க்க ஏதேனும் பழைய கையொப்ப மடல் வேண்டும். உள்பெட்டியில் மாதவி என்று தேடியதும் மேலே வந்தது 2018 நவம்பர் 4-ஆம் தேதி மடல்.

திறந்தார். கையொப்பம் சரியாக இருந்தது. அதற்கு மேலே, தொகுதிக்கு வெளியே, அவர் ஒருபோதும் பார்த்திராத ஒரு வரி இருந்தது. இது உங்களுக்கு மட்டும், சுற்றில் விட வேண்டாம்.

யாருக்கு என்று மாசாத்துவான் கேட்டார். எனக்குத்தான், வேறு யாருக்கு என்றார் கோவலன். அன்று மாலையே இருவரும் மாதவி வீட்டு வாசலில் நின்றார்கள். கருத்தரங்கக் கட்டுரை உட்பட எல்லாம் பேசப்பட்டது. அந்தக் கட்டுரையைப் பற்றி மாதவிக்கு அதுவரை எதுவும் தெரியாது. ஆகவே அன்றைக்குச் சமாதானம் உண்டாகவில்லை, புதிய சண்டையொன்றுதான் மூண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இது ஆள் மாறாத சண்டை. ஆறு வாரத்தில் தணிந்தது.

அதன்பிறகே நாங்கள் திருத்தப் பட்டியல்களைப் படிக்கத் தொடங்கினோம். மனித சுபாவத்தின் சிற்றேடுகளாக இருக்கின்றன அவை. 78.8.1 முதல் 78.10.1 வரையிலான பதிப்புகளில் இறக்குமதி செய்த இரகசியச் சாவிகள் வட்டில் பூட்டின்றிக் கிடந்தன. 2021 மே மாதம் 78.10.2-இல் சரிசெய்தார்கள். பூட்டுக்கடைக்காரர் கல்லாவைத் திறந்துபோட்டுப் போன கதை. மடலின் ஒரு பகுதிக்கு மட்டும் கையொப்பமோ பூட்டோ இருந்து, மற்றொரு பகுதி காப்பின்றி இருந்தால் அதைச் சொல்லாமல் விட்ட குறையும் அதே பதிப்பில் நீங்கியது. (உங்களுக்கு மட்டும் என்ற வரியை எண்ணிக்கொண்டோம்.) பார்வையற்றோர் எழுத்துமுறையான பிரெய்லின் வெற்று எழுத்தைத் திரும்பத் திரும்ப இட்டு, அனுப்புநரின் மின்னஞ்சல் முகவரியைப் போலியாகக் காட்டும் தந்திரம் ஒன்று 2022-இல் அடைக்கப்பட்டது. வெறுமையைக் கொண்டு ஏமாற்றுவது பெரிய கற்பனைதான்.

அதற்குப்பின் அந்த சூன் மாதப் பட்டியல். பதிப்பு 102-இலும், பழைய வரிசையின் 91.11-இலும் சேர்ந்த திருத்தம். கையொப்பத்துக்குள்ளேயே அது இடப்பட்ட தேதி பொதிந்திருக்கிறது. திரையிலோ மடல் வந்த தேதி தெரிகிறது. இரண்டும் வேறுபட்டாலும் மென்பொருள் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே, எப்போதோ எழுதிய பழைய மடலை எவரேனும் மறுபடி அனுப்பினால், அது இன்றைய கூற்று என்றே பெறுபவர் நம்பக்கூடும். இனி இரண்டு தேதிகளும் ஏறத்தாழ ஒத்துவர வேண்டும்; ஒத்துவராத கையொப்பத்தைச் செல்லாது என்றே காட்டும். நவம்பர் 4-க்கும் நவம்பர் 25-க்கும் இடையில் இருபத்தொரு நாள். தேநீர்க் கடையில் நாங்கள் வாயடைத்துப் போனது இதனால்தான். நாலாண்டு முன்னால் இத்திருத்தம் வந்திருந்தால் அன்று சிவப்பு எரிந்திருக்கும். யூனிகோடு கோளாறு என்று மாசாத்துவான் புறந்தள்ளியும் இருப்பார் என்றார் கோவலன். மாசாத்துவான் மறுக்கவில்லை.

இதே திருத்தம் எங்கள் சுற்றுமடலுக்கும் பாடை கட்டியது என்பதை நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். 78 வந்தபோதே, மடலின் உடலுக்குள் கையொப்பமிட்டு அனுப்பும் பழைய முறை இல்லாமலாகிவிட்டது. வெட்டி ஒட்டிக் கைமாற்றும் அந்த மகிழ்ச்சியை நாங்கள் இன்னமும் நினைத்துக்கொள்கிறோம். பாதுகாப்பானது எல்லாமே சுவையாக இருந்துவிடுவதில்லை.

தேதி சரி, ஆளின் பெயர்? அன்று வகுப்பு முடிந்து, எங்கள் மாணவர் ஒருவரின் தந்தையோடு பேசிக்கொண்டிருந்தோம். எரிவாயு டேங்கர் லாரி வைத்திருப்பவர். நாமக்கல்லில் இத்தொழில் பெரிது. கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "சீலு மட்டும் இருந்தா ஆச்சுங்களா சார்? பில்லுல யாருக்குன்னு பேரு இருக்கோணும், சீல் நெம்பர் இருக்கோணும், தேதி இருக்கோணும். மூணும் ஒத்து வந்தாத்தானுங்க வால்வுல கை வெப்பாங்க" என்றார். முத்திரை உடையாமல் இருப்பது ஒன்று, வண்டி சரியான வாசலில் நிற்பது மற்றொன்று என்பதை லாரித் தொழில் எப்போதோ அறிந்திருக்கிறது.

கணினி அறிஞர்களும் அறியாமல் இல்லை. கையொப்பமிட்டுப் பூட்டிய மடலைப் பெறுபவர், பூட்டைக் கழற்றிவிட்டுக் கையொப்பத்தோடு வேறொருவருக்குப் பூட்டி அனுப்பிவிடலாம், மூன்றாமவர் அது தமக்கே எழுதப்பட்டது என்று நம்புவார் என்று டான் டேவிஸ் என்பவர் 2001-இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார். எனிக்மெயில் பிறந்த அதே ஆண்டு. கோவலன் செய்தது அதுதான். புகார்க் கோவலனும் நாமக்கல் கோவலனும். 2024 சூலையில் வெளியான ஆர்.எஃப்.சி. 9580 என்னும் புதிய தரநிலையில் இதற்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. கையொப்பத்துக்குள்ளேயே, இது இன்னாருக்காக இடப்பட்டது என்று பெறுநரின் சாவிக்குரிய விரல்தடத்தைச் சேர்த்துவிடலாம். வேறொருவர் கையில் அது கிடைத்தால் மென்பொருள் எச்சரிக்க முடியும். அத்தரநிலையை ஏற்பதில் வெர்னர் கோக்கின் தரப்புக்கும் மற்றவர்களுக்கும் பிணக்கு உண்டாகி, வடகலை தென்கலை என்று பிரிந்து நிற்கிறார்கள். ஒரே பெருமாளுக்கு இரண்டு நாமம் என்பது நமக்குப் புதிதா என்ன.

இதற்கிடையில் நாங்கள் எங்கள் அளவில் ஒரு திருத்தம் செய்துகொண்டோம். மடலின் தலையில் ஊர், நாள். அதன்கீழ் அன்புள்ள இன்னாருக்கு என்று முழுப்பெயர். பள்ளியில் கடிதம் எழுதக் கற்றபோது ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் சொல்லித்தந்த அதே முறை. 2015-இன் அச்சம் முழுவதும் போய்விடவில்லை. பெயர் எழுதும்போது விரல் சற்றுத் தயங்கத்தான் செய்கிறது. மடல் முழுவதையும் பூட்டித்தான் அனுப்புகிறோம்.

தொகுப்பு வேலை மறுபடி நடக்கிறது. முன்னுரையை மூவரும் உட்கார்ந்து புதிதாக எழுதினோம். மாதவியின் அலைச்சல் அதில் நான்கு பக்கம். பாடியவர்களின் பெயர்ப் பட்டியலில் வேலூர்ப் பாட்டியின் பெயருக்கு எதிரில் ஆண்டைக் குறிக்க வேண்டியிருந்தது. குறித்தோம். நேற்று இரவு மாசாத்துவானிடமிருந்து ஒரு மடல் வந்திருக்கிறது. பொருள்வரியும் பூட்டப்பட்டிருப்பதால் வெளியில் மூன்று புள்ளிகள் மட்டும் தெரிகின்றன. உள்ளே, முழு விளியோடும் தேதியோடும், ஒரு கேள்வி. பாட்டியின் ஒன்பதாவது பாடலில், இரண்டாம் கண்ணியில், மூச்சு வாங்குவதற்கு முன் வரும் சொல் 'ஆத்தோரம்' என்று கேட்கிறதா, 'காத்தோரம்' என்று கேட்கிறதா என்கிறார். ஒலிப்பதிவை மூன்றுமுறை கேட்டாயிற்று. பின்னணியில் சேவல் ஒன்று கூவிக் கெடுக்கிறது. இன்று மாலை மறுபடி கேட்க வேண்டும்.